கொல்லை வீட்டுக்கு ஒரு துப்பாக்கி: 12 போர் இரட்டைக்குழல், வாங்கிப் பழகிய பிறகு

வீட்டுக் காவலுக்கென்று முதன்முதலாகத் துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது 12 போர் இரட்டைக்குழல்தான் (12 போர் என்பது குழல் துவாரத்தின் அளவு). லைசென்ஸ் புத்தகத்தில் டி.பி.பி.எல். (இரண்டு குழல், பின்பக்கம் தோட்டா போடுவது) என்று எழுதுவார்களே, அது. ரிவால்வரையும், குழலுக்கு அடியில் இருக்கிற முன்கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுகிற பம்ப் ஆக்‌ஷனையும் கையில் எடுத்துப் பார்த்தேன், அப்பாவின் பழைய துப்பாக்கியைப் பிரித்துப் பரிசோதிக்கக் கொடுத்தேன், அப்புறம்தான் இதை வாங்கினேன். சுட்டுப் பழகி, துடைத்து எண்ணெய் போட்டு, ஒரு மழைக்காலத்தையும் பார்த்த பிறகு எழுதுகிறேன். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன்.

எங்கள் வீடு வேலூர் மாவட்டத்தில் ஒடுகத்தூரைத் தாண்டி, ஜவ்வாது மலை அடிவாரத்தில், கொல்லைக்கு நடுவில் இருக்கிறது. மாவும் தென்னையும் போக ஆடு வளர்க்கிறோம். வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர் ஆட்டுச்சந்தை. ஆடு விற்ற பணம் அன்று ராத்திரி வீட்டில்தான் இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். கணவர் இறந்த பிறகு நானும் வயதான அப்பாவும் மட்டும்தான் இங்கே. எங்கள் கொல்லையில் வேலை செய்யும் குடும்பம் பக்கத்திலேயே அஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீட்டில் இருக்கிறது. அதற்கு அடுத்த வீட்டு விளக்கு மரங்களுக்கு நடுவே தெரியும், ஆனால் கத்திக் கூப்பிட்டாலும் அங்கே கேட்காது. கொஞ்ச தூரத்தில் இன்னொரு கொல்லை வீட்டில் வயதான கணவன் மனைவியைக் கட்டிப்போட்டு நகையை எடுத்துப் போனார்கள். அதற்குப் பிறகுதான் இந்த யோசனை வந்தது.

துப்பாக்கிக்கு முன்பே செய்ய வேண்டியவை இருக்கின்றன. முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் உள்பக்கம் பூட்டுகிற கிரில், ஆள் நடமாட்டம் பட்டால் எரிகிற சோலார் விளக்கு நான்கு மூலையிலும், இரண்டு நாய்கள். இவற்றை முடித்த பிறகே லைசென்ஸுக்கு மனு போட்டேன். கதவு தாங்குகிற நேரம்தான் நமக்குக் கிடைக்கிற நேரம். அந்த நேரத்தில் 100க்கு போன் செய்வதா, அலமாரியைத் திறப்பதா என்பதெல்லாம் அப்புறம்.

காட்பாடியில் இருக்கும் அண்ணன் ரிவால்வர் வாங்கச் சொன்னார். "சின்னதா இருக்கும்மா, தலைமாட்டுலயே வெச்சுக்கலாம்" என்றார். கான்பூர் தொழிற்சாலையின் .32 ரிவால்வரைத்தான் இந்தியாவில் பலரும் வாங்குகிறார்கள். 2014இல் அதே கான்பூரில் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற பெயரில் அரைக் கிலோ எடையில் ஒன்று கொண்டுவந்தார்கள். அப்போதே அதன் விலை 1,22,360 ரூபாய். எடை குறைவு என்பது கைப்பையில் வைத்துக்கொள்ள நல்லது. சுடும்போது அதே எடைக் குறைவுதான் கையைத் தூக்கிவிடும். குழல் சின்னது, பார்வைக்குறியும் சின்னது. ராத்திரி பதற்றத்தில், தினமும் பயிற்சி எடுக்காத கையால், பத்தடிக்கு அப்பால் நினைத்த இடத்தில் சுடுவது கஷ்டம். தவறிப்போகிற ஒற்றைக் குண்டு எங்கே போய் நிற்கும் என்று கேட்டால், எங்கள் வீட்டில் அதற்குப் பதில் அந்த அஸ்பெஸ்டாஸ் கூரை வீடுதான். அங்கே இரண்டு பிள்ளைகள் தூங்குகிறார்கள். ரிவால்வரை நான் அத்தோடு விட்டுவிட்டேன். தலைமாட்டில் வைக்கலாம் என்பதே அதற்கு எதிரான காரணமும்கூட. சின்னது என்பதால் திருடனும் எளிதாக எடுத்துப் போவான், விடுமுறைக்கு வரும் பேரனும் எளிதாக எடுப்பான்.

சட்டமும் இதில் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ, 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்ளே வரி இல்லாத வழுவழுப்பான குழல் துப்பாக்கி கேட்பவர்களைத் தனியாக வைத்திருக்கிறார்கள். தகுதிக் குறைவு எதுவும் இல்லையென்றால் அதற்கு லைசென்ஸ் தர வேண்டும். ரிவால்வர் மாதிரி மற்றவை கேட்பவர்கள் 'தக்க காரணம்' இருப்பதாக அதிகாரியை நம்பவைக்க வேண்டும். மிரட்டல் வந்தது, வழக்கு இருக்கிறது என்று காட்ட எதுவும் இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு முதல் வழிதான் நேரான வழி.

.315 ரைபிள் பற்றியும் கேட்டேன். ஒரே வரியில் முடித்துவிடலாம்: அதன் குண்டு நம் கொல்லையைத் தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் போகும், வீட்டுக் காவலுக்கு அது தேவையே இல்லை. ஏர்கன்னும் அப்படித்தான். .177 அளவில் 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதால் அதை வாங்கி வைத்துக்கொண்டு தைரியமாக இருக்கிறார்கள். அது குறிபார்த்துப் பழகுவதற்கான கருவி. கத்தியோடு வருகிறவனிடம் அதை நீட்டினால் அவன் கோபம்தான் கூடும்.

பம்ப் ஆக்‌ஷன் எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையே 12 போரில் செய்கிறது. குழல் குட்டை, வீட்டுக்குள் திருப்ப வசதி, தோட்டாவும் அதிகம் போகும். கையில் பிடித்தபோது நன்றாக உட்கார்ந்தது. வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இருக்கிற இன்னொரு குழாய்க்குள் மறைந்து இருக்கும். உள்ளே எத்தனை இருக்கிறது, ஒன்றாவது இருக்கிறதா என்பது வெளியே இருந்து தெரியாது. மேலே ஒன்றை வெளியே எடுத்துவிட்டுக் காலியாகிவிட்டது என்று நினைப்போம், கீழே இருந்து அடுத்தது ஏறியிருக்கும். போலீஸ்காரர், பட்டாளத்துக்காரர் என்று தினமும் புழங்குகிறவர்களுக்கு அது கைப்பழக்கம். மாதத்தில் சில நாள் மட்டும் தொடுகிற வீட்டுக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் வராது. இன்னொன்று, பதற்றத்தில் முன்கட்டையைப் பாதியளவு மட்டும் இழுத்துத் தள்ளினால் தோட்டா சரியாக ஏறாமல் சிக்கிக்கொள்ளும். பயிற்சியில் அனுபவசாலிகள்கூட அப்படிச் சிக்கவைத்ததைப் பார்த்தேன்.

இரட்டைக்குழலில் இந்தப் பேச்சே இல்லை. மேலே இருக்கிற லீவரை வலதுபக்கம் தள்ளினால் துப்பாக்கி நடுவில் மடங்கித் திறந்துகொள்ளும். இரண்டு குழலின் பின்பக்கமும் கண்ணுக்கு நேராகத் தெரியும். தோட்டா இருந்தால் பித்தளை தெரியும், இல்லாவிட்டால் குழல் வழியாக வெளிச்சம் தெரியும். மடங்கித் தொங்குகிற துப்பாக்கி சுடாது. இதை அப்பாவுக்கும் வேலை செய்கிற அக்காவுக்கும் ஒருமுறை காட்டினேன், புரிந்துவிட்டது. இப்போது நான் மேசைமேல் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தால் அறைக்கு அந்தப் பக்கம் நின்றே அவர்களுக்குத் தெரியும், பயமில்லை என்று. லைசென்ஸ் என் பெயரில் இருப்பதால் என்னைத் தவிர யாரும் அதை எடுத்துச் சுட முடியாது, அப்பாவும்கூட. ஆனால் அதோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் அவர்கள். காலியா இல்லையா என்று அவர்கள் பார்வைக்கே தெரிய வேண்டும் என்பதுதான் எனக்கு முதல் தேவை. இந்த ஒரு விஷயத்துக்காகவே இதற்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

இனி அப்பாவின் துப்பாக்கி கதை. பழைய துப்பாக்கி கைக்கு வரப்போகிறவர்கள் நம் ஜில்லாவில் நிறைய. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர்களில் லைசென்ஸ் துப்பாக்கி புதிது இல்லை. அப்பாவும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய லைசென்ஸ் புத்தகத்தின் முதல் பக்கங்களில் இன்னும் 'வட ஆற்காடு மாவட்டம்' முத்திரை இருக்கிறது. 1989இல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு அம்பேத்கர் பெயர் போட்ட முத்திரை, அப்புறம் வேலூர். அதில் இருப்பது ஒரு பழைய இங்கிலாந்து இரட்டைக்குழல். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, 25 வருடம் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே தன் வாரிசு ஒருவருக்கு அதை மாற்றித் தரலாம். "எதுக்குப் புதுசு? என்னுதையே உன் பேருக்கு மாத்திக்கம்மா" என்றார் அப்பா. எனக்கும் அதுதான் ஆசை.

சென்னையில் துப்பாக்கி பழுது பார்க்கிற ஒரு பாயிடம் காட்டச் சொன்னார்கள். அப்பாவின் கடிதத்தோடும் லைசென்ஸோடும் எடுத்துப் போனோம். அவர் பார்த்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பழைய துப்பாக்கி வாங்குகிற யாருக்கும் இது உதவும்.

முதலில் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலையும் தோளில் வைக்கிற பின்கட்டையையும் பூட்டி, மூடிய நிலையில் லேசாக ஆட்டிப் பார்த்தார். நல்ல துப்பாக்கி அசையக்கூடாது. அப்பாவுடையதில் குழலைப் பின்கட்டையோடு பூட்டுகிற கொக்கி தேய்ந்து மெல்லிய ஆட்டம் இருந்தது. அடுத்து குழலைத் தனியாகக் கழற்றி, கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, ஒரு மரக்குச்சியால் தட்டினார். இரண்டு குழலையும் சேர்த்து ஈயம் ஊற்றி ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு உறுதியாக இருந்தால் கோயில் மணி மாதிரி ஒலி நீண்டு கேட்கும், எங்காவது விட்டிருந்தால் அடைபட்ட சத்தம் வரும். எங்களுக்கு அடைபட்ட சத்தம்தான் வந்தது. அப்புறம் ஜன்னல் பக்கம் குழலைப் பிடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். உள்சுவர் கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டிய இடத்தில் புள்ளி புள்ளியாகத் துரு தின்ற குழிகள் இருந்தன.

அந்தக் குழிகள் எங்கே வந்தன என்று அப்பாவுக்குத் தெரியும். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலை ஏப்ரலில் கடைசி நேரத்தில் ரத்து செய்து, ஆகஸ்ட் 5ஆம் தேதி நடத்தினார்கள் அல்லவா, அந்த வருடம் அது வீட்டைவிட்டு வெளியே இருந்த காலம் அதிகம். ஒப்படைத்த இடத்தில் ஈரச்சுவரோரம் சாத்தி வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது குழல் வாயில் செம்பட்டை நிறம். இப்போது நான் என்னுடையதை ஒப்படைக்கப் போகும்போது, உள்ளேயும் வெளியேயும் நிறைய எண்ணெய் பூசி, எண்ணெய்த் துணியால் சுற்றி, உறைக்குள் போட்டு, ரசீதில் துப்பாக்கி எண்ணோடு 'துரு இல்லை' என்றும் எழுதி வாங்கிக்கொள்வது என்று வைத்திருக்கிறேன். அங்கீகாரம் பெற்ற ஆயுதக் கடையில் ஒப்படைக்க அனுமதித்தால் வாடகை கொடுத்தாவது அங்கேயே வைப்பது நல்லது.

துருவைக்கூடச் சரி செய்யலாம் என்றார் பாய். அவர் வேண்டாம் என்று சொன்ன காரணம் வேறு. குழலின் அடிப்பக்கத்தில் இருந்த சோதனை முத்திரைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக் காட்டினார். தோட்டா உட்காரும் அறையின் நீளம் இரண்டரை அங்குலம். இன்று கடையில் கிடைக்கிற 12 போர் தோட்டா இரண்டே முக்கால் அங்குலம், அதாவது 70 மில்லிமீட்டர். இதில் ஆபத்து என்னவென்றால், அந்தத் தோட்டா பழைய அறைக்குள் தாராளமாக உட்கார்ந்துவிடும். அதன் வாயை மடித்து மூடியிருப்பதால் சுடுவதற்கு முன் நீளம் குறைவாக இருக்கும். சுடும்போது மடிப்பு விரியும், விரிய இடம் இல்லாமல் குழல் குறுகும் இடத்தில் முட்டும், அழுத்தம் எகிறும். துரு தின்ற, ஒட்டு விட்ட குழலில் அந்த அழுத்தம் வந்தால் குழல் வெடித்து, தாங்கிப் பிடித்திருக்கிற இடது கைதான் போகும். "நெனப்புக்கு வெச்சுக்கலாம்மா, சுட வேணாம்" என்றார் பாய். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவர் சொல்றது சரிதான், புதுசு பாரு" என்றார்.

பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு இங்கே ஏறிய விலை இருப்பதற்குக் காரணம், 1980களின் நடுவில் இருந்து சாதாரண மக்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்ய வழி இல்லாததுதான். பெயரைப் பார்த்துப் பணத்தைக் கொட்டுகிறார்கள். பெயரைவிட அறையின் நீளமும் குழலின் உள்சுவரும் முக்கியம். விற்கிறவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், பரிசோதிக்காமல் வாங்காதீர்கள். நினைவுக்காக வைத்துக்கொள்வதற்கும் லைசென்ஸ் வேண்டும், சும்மா சுவரில் மாட்ட முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். முன்பு மூன்று. சுட முடியாத ஒன்றுக்கு ஓர் இடத்தை ஒதுக்க வேண்டாம் என்று அப்பாவே அதை முறைப்படி கடையில் ஒப்படைத்துவிட்டார்.

நான் வாங்கியது இந்தியத் தயாரிப்பு, புதியது. உறை, துடைக்கும் கம்பி எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்க்குள் முடிந்தது. மூன்று கிலோவுக்குச் சற்று மேல் எடை. வெளியே சுத்தி இல்லாத வகை. பழைய நாட்டுத் துப்பாக்கிகளில் பார்த்திருப்பீர்களே, குதிரை என்று சொல்வார்கள், அது இதில் உள்ளே மறைந்திருக்கும். வெளிச்சுத்தி உள்ளதையும் காட்டினார்கள். தயார் நிலையில் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரியும் என்பது அதில் நல்லது. ஆனால் பின்னுக்கு இழுத்த சுத்தியைச் சுடாமல் இறக்கும்போது கட்டைவிரல் வழுக்கினால் வெடித்துவிடும். வியர்வைக் கைக்கு அது வேண்டாம்.

விசை இரண்டு. முன்விசை வலது குழலைச் சுடும், பின்விசை இடது குழலை. வலது குழலின் வாய் கொஞ்சம் அகலம், இடது குழலின் வாய் குறுகல். கிட்டத்துக்கு வலது, தூரத்துக்கு இடது. வீட்டுக் காவலுக்கு வலதுதான் எப்போதும் முதலில். திறந்து மூடினாலே சேஃப்டி தானாகப் பின்னுக்கு வந்து பூட்டிக்கொள்ளும். கட்டைவிரலால் முன்னுக்குத் தள்ளிய பிறகுதான் விசை வேலை செய்யும். சேஃப்டி விசையை மட்டும்தான் பூட்டுகிறது. அதை நம்பி, தோட்டா போட்ட துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் போகக்கூடாது.

பெண்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். கடையில் இருக்கிற துப்பாக்கியின் பின்கட்டை ஆண்களின் கைநீளத்துக்குச் செய்தது. தோளில் வைத்தால் எனக்கு விசை எட்டியது, ஆனால் கழுத்தை நீட்டிக்கொண்டு குறிபார்க்க வேண்டியிருந்தது. அப்படிச் சுட்டால் பின்கட்டை தோளில் சரியாகப் படியாமல் கன்னத்திலும் மேல்கையிலும் அடிக்கும். அதே பாயிடம் கொடுத்து அரை அங்குலம் அறுத்து, ரப்பர் அடி போட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு உதைப்பு தாங்கும்படி ஆகிவிட்டது. துப்பாக்கியின் விலையைக் குறைப்பதற்குப் பதில் இதற்குச் செலவு செய்யுங்கள். குழலைச் சுருக்க மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள், 20 அங்குலத்துக்குக் கீழே போனால் சட்டம் வேறு.

தோட்டா விஷயத்தில் நிறையப் பேர் நினைப்பது, 12 போர் என்றால் குறியே வேண்டாம், திருப்பிச் சுட்டால் அறை முழுக்கப் பரவும் என்று. அது உண்மை இல்லை. பயிற்சி எடுத்த இடத்தில் அட்டையில் சுட்டுப் பார்த்தோம். ஒரு கூடத்தின் அளவு தூரத்தில் பால்ரஸ் (தோட்டாவுக்குள் இருக்கிற சின்னச் சின்னக் குண்டுகள்) எல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள் போய் விழுந்தது. திறந்த வாய்க் குழலில் கெஜத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் விரியும் என்பார்கள். அதனால் குறி வேண்டும். எஸ்.ஜி., எல்.ஜி. என்கிற பெரிய குண்டுத் தோட்டாக்கள் மெல்லிய சுவரோடும் கதவோடும் நிற்காது. எங்கள் கொல்லையில் அந்த வீடு இருப்பதால் சின்ன பால்ரஸ் தோட்டாதான் வாங்குகிறேன். எண் கூடக் கூட பால்ரஸ் சின்னதாகும் என்பதை நினைவில் வையுங்கள். எத்தனை தோட்டா வாங்கலாம், வைத்திருக்கலாம் என்பது லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். பழைய காகிதக் கூடு தோட்டா எங்காவது கிடைத்தால் வாங்காதீர்கள், ஈரத்தில் ஊதிக் குழலுக்குள் போகாது, போனால் வெளியே வராது.

லைசென்ஸ் வாங்குவது நீளமான வேலைதான், ஆனால் புரியாத வேலை இல்லை. மத்திய அரசின் தளத்தில் ஏ-1 படிவம், சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகம், போலீஸ் விசாரணை, வருவாய்த்துறை விசாரணை, மருத்துவரின் உடல், மனநலச் சான்று. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். யு.ஐ.என். என்கிற தனி அடையாள எண் பதியாத பழைய லைசென்ஸ் எதுவும் இப்போது செல்லாது என்பதால், அப்பா பெயரில் இருப்பதை மாற்றுகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள். லைசென்ஸ் இப்போது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விசாரணைக்கு வந்தவர் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்பு அலமாரியைக் காட்டினேன், மேற்கொண்டு கேட்கவில்லை.

பாதுகாப்புப் பயிற்சிக்கான எஸ்-1 சான்றையும் கேட்பார்கள். இதைப் பெயருக்கு முடித்துக்கொள்ளாதீர்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வு பெற்ற ராணுவக்காரர். முதல் நாள் தோட்டாவையே கண்ணில் காட்டவில்லை. எடுத்தால் திற, கொடுத்தால் திறந்து கொடு, வாங்கினால் திறந்து பார், சுடும் வரை விரல் விசைக்கு வெளியே. அது கைக்கு வந்த பிறகுதான் சுட விட்டார். மூடிய இடத்தில் 12 போர் வெடித்தால் காது எப்படி அடைத்துப்போகும் என்பதையும் அவர்தான் சொல்லி, காதுமூடி இல்லாமல் யாரையும் நிற்க விடவில்லை.

எப்போது சுடலாம் என்பதையும் அங்கேயே கேட்டுத் தெளிந்துகொண்டேன். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு பற்றியவை. 41ஆம் பிரிவில், கொள்ளையும், சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைவதும் உயிரைப் பறிக்கும் அளவு தற்காப்புக்கு இடம் தரும் குற்றங்களாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தேவைக்கு மேல் காயப்படுத்த எந்த நிலையிலும் உரிமை இல்லை என்று 37ஆம் பிரிவு சொல்கிறது. பட்டியில் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடுகிறவனை முதுகில் சுடுவது தற்காப்பு ஆகாது. ஆடு போனால் போகட்டும், அடுத்த வெள்ளிக்கிழமை சந்தையில் வேறு வாங்கலாம். தற்காப்புக்காகத்தான் செய்தேன் என்று நீதிமன்றத்தில் காட்டவேண்டிய பொறுப்பும் நம்முடையதே. என் முடிவு இதுதான்: கிரிலுக்கு வெளியே இருக்கிறவனை நோக்கி நான் சுட மாட்டேன். போன் செய்வேன், விளக்கைப் போடுவேன், உள்ளே துப்பாக்கி இருக்கிறது என்று கத்திச் சொல்வேன். கதவை உடைத்து அப்பா இருக்கிற அறைப்பக்கம் வந்தால் அப்போது வேறு.

காட்டுப்பன்றிக்கும் சேர்த்துப் பயன்படுமா என்று பக்கத்துக் கொல்லைக்காரர்கள் கேட்கிறார்கள். பயன்படாது. லைசென்ஸ் எனக்கு வீட்டுப் பாதுகாப்புக்குத் தந்தது, காட்டு விலங்குக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மலைப்பக்கம் இன்னும் சிலர் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைக் கூரையில் சொருகி வைத்திருக்கிறார்கள். போலீசே தாங்களாக வந்து ஒப்படைத்துவிடுங்கள் என்று அவ்வப்போது மலைக் கிராமங்களில் அறிவிக்கிறது. தயவுசெய்து ஒப்படைத்துவிடுங்கள். கரிமருந்து எப்போது, எந்தப் பக்கம் வெடிக்கும் என்பது செய்தவனுக்கே தெரியாது.

வைக்கும் முறை: இரட்டைக்குழலில் எனக்குப் பிடித்த இரண்டாவது விஷயம், கருவி எதுவும் இல்லாமல் மூன்று துண்டாகக் கழன்றுவிடும். வீட்டில் குழந்தைகள் வந்திருக்கும் நாட்களில் குழலை மட்டும் கழற்றி வேறு அறையில் பூட்டி வைக்கிறேன். அது இல்லாமல் சுடவே முடியாது. தோட்டா எப்போதும் தனிப் பெட்டி, தனிச் சாவி. இதனால் அவசரத்தில் நேரம் ஆகும்தான். அந்த நேரத்தைத் தருவதற்குத்தான் கிரிலும் நாயும்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். நீளம் அதிகம். எங்கள் வீட்டு நடைவழியில் திரும்பும்போது குழல் வாய் நிலையில் இடிக்கிறது, அதனால் நான் துப்பாக்கியோடு அறை அறையாகத் தேடிப் போவதே இல்லை, அப்பா அறை வாசலைப் பார்த்தபடி ஒரே இடத்தில்தான் நிற்பேன். புதிதில் லீவர் மிகவும் இறுக்கம், திறக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது, இப்போது பரவாயில்லை. பின்விசை முன்விசையைவிடக் கடினம், சரிசெய்யக் கொடுக்க வேண்டும். மர வேலை சுமார்தான், வார்னிஷ் ஒரே மழைக்காலத்தில் மங்கிவிட்டது. சுட்ட தோட்டாவைத் தானாக வெளியே எறியாது, பாதி வெளியே தள்ளும், விரலால் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது எண்ணெய்த் துணி போடாவிட்டால் விசைக்கூண்டு பக்கம் துரு எட்டிப்பார்க்கிறது.

வேலூர் காந்தி நகர் பக்கம் அடுக்குமாடியில் இருக்கும் சித்தி மகள் இதே மாதிரி ஒன்று வாங்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொன்னேன். ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் தூங்குகிறது, கீழே காவலாளி இருக்கிறார், கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள். அவளுக்கு நல்ல பூட்டும் கிரிலும் போதும். கூப்பிட்டால் யாரும் வராத இடத்தில், பயிற்சிக்கும் துடைப்பதற்கும் நேரம் ஒதுக்குகிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன்: வாங்குங்கள், ஆனால் புதியதாக, உங்கள் தோள் அளவுக்குப் பின்கட்டையைச் சரிசெய்து வாங்குங்கள்.